இன்னொருவர் முகத்துக்காகக் காத்திருந்த நாட்கள்

கழுத்தில் செருகியிருந்த மூச்சுக் குழாயை எடுத்தது பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. துளையின் மேல் பஞ்சை வைத்து அழுத்திய செவிலியர், "ஏதாவது பேசிப் பாருங்க" என்றார். கட்டிலின் கால்மாட்டில் என் கணவர் செல்வம் நின்றிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறேன். அதையே சொன்னேன். "ஆஆ" என்று வந்தது.

இன்னொரு முறை சொன்னேன். அதேதான் வந்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடுவதற்கு எனக்கு உதடுகள் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். முகத்தைச் சுற்றியிருந்த கட்டுக்குள் எல்லாம் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"என்ன அமுதா?" என்று கேட்டபடி அவர் தலைமாட்டுக்கு வந்தார். கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் முகத்தை இழந்தவராக இருக்கலாம், அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். முகமாற்று அறுவை (இறந்த ஒருவரின் முகத்தைத் தோல், தசை, நரம்போடு எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது) பற்றி யாராவது உங்களிடம் பேசத் தொடங்கியிருக்கலாம். என்னிடமும் பேசினார்கள். நான் என்ன முடிவெடுத்தேன் என்பதைவிட எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நாட்களை விபத்து நடந்த புதன்கிழமையிலிருந்து எண்ணியிருக்கிறேன். நான் பேசியவற்றை முழுச் சொற்களாகவே எழுதுகிறேன். அன்று அவை அப்படிக் கேட்டிருக்காது.

பீன்யா தொழிற்பேட்டையில் உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். முலாமுக்கு முன்னால் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் போக்கச் சூடான காரக் கரைசல் தொட்டியில் முக்குவார்கள். அரைமணிக்கு ஒருமுறை அதன் வெப்பத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எழுதுவது எனக்குப் பிடித்த காரியம். பத்தொன்பது வயதிலிருந்து ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறேன். அல்சூர்ப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் செதுக்கியிருக்கும் ஆண்டுகளை எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். "உங்க அக்கா செத்தா மணி என்னன்னு அவளே எழுந்து எழுதிட்டுதான் படுப்பா" என்று என் கணவர் என் தங்கையிடம் கேலி செய்வதுண்டு.

அன்று காலை ஒன்பதரைக்கு முகக்கவசத்தில் ஆவி படிந்துவிட்டது. எண் தெரியவில்லை. குத்துமதிப்பாக எழுத மனம் வரவில்லை. கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக் குனிந்தேன். தொங்கிக்கொண்டிருந்த பாகம் ஒன்று கொக்கியிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

கவசத்துக்கு அடியில் கண்ணாடி போட்டிருந்ததால் கண்கள் தப்பின. தலைக்கவசம் நெற்றியைக் காத்தது. கண்ணுக்குக் கீழே கழுத்து வரை காரம் தின்றுவிட்டது. காரம் அமிலத்தைப் போல மேலோடு நிற்பதில்லை, உள்ளே இறங்கிக்கொண்டே போகும் என்று டாக்டர் பின்னர் சொன்னார்.

முதல் இரண்டு மாதங்களில் ஆறு அறுவைகள். தொடையிலிருந்து தோலை எடுத்து முகத்தில் ஒட்டினார்கள் (இதை கிராஃப்ட் என்பார்கள்). ஒட்டிய தோல் ஆறும்போது சுருங்கும். வாய் நாளுக்கு நாள் சிறியதாகி, இரண்டு விரல் நுழைந்த இடத்தில் ஒரு விரல் நுழைந்தது. கீழுதடு இருந்த இடம் தாடையோடு இழுத்துக்கொண்டதால் எச்சில் நிற்காமல் வழிந்தது. இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். என் கழுத்தில் எப்போதும் கட்டியிருந்த துண்டைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வழி கண்டுபிடித்தவள் கலா. என் தங்கை, ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவிலேயே சின்னதாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒருநாள் பாத்திரக் கடையிலிருந்து பாலாடை ஒன்று வாங்கி வந்தாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் அந்த மூக்குள்ள கிண்ணம்தான்.

"நாப்பத்திநாலு வயசுல இதுல குடிக்கிறேன்" என்றேன்.

"ஏப்பம் விடுற வரைக்கும் தோள்ல போட்டுத் தட்டணுமா, அதையும் சொல்லிடு" என்றாள்.

மாமாதான் புகட்டினார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எலக்ட்ரீஷியன் அவர். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். ஐந்தரைக்குக் கேழ்வரகுக் கஞ்சியைக் காய்ச்சி ஆறவைத்து, மின்கம்பிகளைப் பிடித்துப் பழகிய கையால் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கிண்ணத்தை அவர் பிடித்திருந்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வீட்டுக் கண்ணாடிகளைக் கலா கழற்றி எடுத்துப் போயிருந்தாள். நாற்பத்து மூன்றாம் நாள், புதன்கிழமை, அவளுடைய பார்லருக்கே போய் உட்கார்ந்தேன். அங்கே மூன்று சுவரிலும் கண்ணாடி. எதிரே இருந்தது மூக்கில்லாத, பற்கள் எப்போதும் தெரிகிற, பலவகைத் தோல் ஒட்டிய ஒன்று. அதன் மேல்பாதியில் என் கண்களும் நெற்றியும் இருந்தன, வேறு யாரோ இரவல் வாங்கிப் போனவை போல. கலா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். பிறகு நூலை எடுத்து என் புருவத்தைத் திருத்தத் தொடங்கினாள். "ஒண்ணரை மாசமா காடு மாதிரி வச்சிருக்க" என்றாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள் டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தார். ஒட்டறுவை நிபுணரான அவர் தும்கூர்ப் பக்கத்துக்காரர். தமிழைக் கன்னடத்தின் ராகத்தில் பேசுவார். முகமாற்றுக்காக ஒரு குழு ஆயத்தமாகி வருகிறது, என்னைப் பரிசீலிக்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து முப்பத்தொரு கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன்.

"நோடி, பாருங்க அமுதா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "இது உசுர காப்பாத்துற ஆபரேஷன் இல்ல. உங்க உசுர ஏற்கனவே காப்பாத்தியாச்சு. கிட்னி மாத்தறோம்னா, மாத்தலேன்னா அந்த ஆள் பிழைக்கறது கஷ்டம். இங்க அப்படி இல்ல. நல்லா இருக்கிற உசுர நாம ரிஸ்க்ல வெக்கறோம். எதுக்காகன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் சொன்னவற்றை என் சொற்களில் தருகிறேன். வேறொருவரின் தசையை உடம்பு அந்நியமாகவே பார்க்கும். அதை எதிர்க்காமல் இருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைச் சாகும்வரை, நேரம் தவறாமல் விழுங்க வேண்டும். அந்த மாத்திரைகள் சர்க்கரையைக் கொண்டுவரலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாதாரணத் தொற்றும் பெரிதாகும். சிலவகைப் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். அத்தனையும் விழுங்கினாலும் நிராகரிப்பு (பொருத்திய உறுப்பை உடம்பு தாக்கத் தொடங்குவது) வரும். முகம் சிவந்து வீங்கும். மருந்தால் அடக்கலாம். சில ஆண்டுகளில் அடக்க முடியாமலும் போகலாம்.

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"எடுக்கணும். வேற முகம் தேடணும். கிடைக்கலேன்னா..." அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "இப்ப இருக்கிற இந்த முகத்துக்குக்கூடத் திரும்பி வர முடியாது. இதவிட மோசமாதான் இருக்கும்."

"நல்லபடியா நடந்தா?"

"உதடு மூடும். ஸ்பூன்ல சாப்பிடலாம். கொஞ்சம் கொஞ்சமா அசையும், சிரிக்கலாம். உங்க பழைய முகம் வராது. குடுத்தவங்க முகமும் வராது. உங்க எலும்பு மேல அவங்க தோல். மூணாவதா ஒருத்தர்."

அந்தக் கடைசி வரியை அப்படியே எழுதிக்கொண்டேன்.

கொடுப்பவர் மூளைச்சாவு (மூளை முற்றிலும் நின்று, இயந்திரத்தால் மட்டும் மூச்சு ஓடுகிற நிலை) அடைந்த பெண்ணாக, ஏறத்தாழ என் வயதும் நிறமும் ரத்த வகையும் உள்ளவராக இருக்க வேண்டும். உறுப்பு தானத்துக்குச் சம்மதித்த குடும்பத்திடமும் முகத்துக்கென்று தனியாகக் கேட்க வேண்டும்.

வீட்டில் கலா உடனே சரி என்றாள். "பண்ணிக்கோ அக்கா. நீ இட்லிய பிட்டு சாப்பிடறத நான் பாக்கணும். பஸ்ல ஒரு கொழந்த உன்ன பாத்து அழாம இருக்கணும்." மாமா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கேட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவியபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நான் ஒண்ணு சொன்னா நீ எனக்காகன்னு பண்ணிக்குவ. இல்ல, எனக்காகன்னு விட்டுடுவ. மாத்திர முழுங்கப் போறது நீ. அதான் வாய மூடிக்கினு இருக்கேன்."

பரிசோதனைகள் தொடங்கின. மனநல மருத்துவர், எதற்காக இதை விரும்புகிறீர்கள் என்று கேட்டார். ஒரு மனிதரை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் நாளை இருநூற்று எண்பத்தாறாம் நாள், திங்கட்கிழமை என்று வைத்தார்கள். நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். வேண்டும்.

காத்திருப்பதைப் பற்றி உண்மையாக எழுத வேண்டும். பதிவுப் பட்டியலில் என் பெயர் ஏறுவதற்கு முன்பே நான் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். பேருந்தில் என் நிறமுள்ள பெண்களைப் பார்ப்பேன். அவர்களுடைய உதடுகளைப் பார்ப்பேன். எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்ததால், நான் பார்ப்பதை யாரும் கவனிக்கவில்லை.

இருநூற்று அறுபதாம் நாள், புதன்கிழமை, கலா ஒரு செய்தி கொண்டுவந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சாரதாம்மாவின் மகள் சுமதி, ஸ்கூட்டரில் போகும்போது விழுந்து, தலையில் அடிபட்டு ஐசியூவில் இருக்கிறாள், வென்டிலேட்டர் போட்டிருக்கிறார்கள் என்று. சுமதி கலாவின் வாடிக்கைக்காரி. எனக்கும் முகம் தெரியும். அன்று இரவு டைரியில் வழக்கமானவற்றை எழுதிவிட்டு அதன் கீழே இப்படி எழுதினேன்: "சுமதி. வயது 41. மாநிறம். ரத்த வகை?"

எழுதி முடித்தபின்தான் படித்தேன். சுமதிக்கு அப்போது உயிர் இருந்தது. அவள் அம்மா அந்நேரம் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்திருப்பார். எழுதியதை நான் இதுவரை அடித்ததில்லை, கிழித்ததும் இல்லை. அந்தப் பக்கத்தையும் விட்டுவைத்தேன். மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை மூளைச்சாவு என்று அறிவித்தார்கள். குடும்பத்தார் கண்களையும் சிறுநீரகங்களையும் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை உடல் வீட்டுக்கு வந்தது.

கணவன் உயிரோடிருக்கும் பெண் இறந்தால் மஞ்சள் பூசி, பொட்டிட்டு, கல்யாணப் பெண் போல அலங்கரித்து அனுப்புவது வழக்கம். முன்பு வீட்டுப் பெண்களே செய்வார்கள். இப்போது எங்கள் பகுதியில் கலாவைக் கூப்பிடுகிறார்கள். அதற்கு அவள் எதுவும் வாங்குவதில்லை. அன்று அவள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"நீயும் வா."

"நானா? இந்த மூஞ்சிய வச்சிக்கினா?"

"வா அக்கா. கூட ஒரு கை வேணும். வேற யாரும் தொட மாட்டேங்கறாங்க."

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். உள்ளறையில் பாயில் சுமதி. தலைமாட்டில் சாரதாம்மா. அவர் அல்சூரில் ஒரு பள்ளியில் ஆயா வேலை பார்ப்பவர். எத்தனையோ பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவர். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். துப்பட்டா நழுவியது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இருநூற்று அறுபத்து மூன்று நாட்களில் மனிதர்கள் நிறைந்த ஓர் அறையில் யாரும் என்னைப் பார்க்காமலிருந்தது அதுவே முதல்முறை. எல்லாருடைய கண்களும் சுமதியின் முகத்தில் இருந்தன.

கலா மஞ்சளைக் குழைத்தாள். என் கையில் பஞ்சையும் தேங்காயெண்ணெயையும் கொடுத்து, "வாயோரத்துல பிளாஸ்டர் பசை இருக்கு பாரு, அத எடு" என்றாள்.

மூச்சுக் குழாயைப் பிடித்து ஒட்டியிருந்த பிளாஸ்டரின் தடம். இரண்டு கன்னத்திலும் செவ்வகமாக, அழுக்குப் படிந்து. எனக்கு அது தெரியும். என் கழுத்தில் அது பல நாள் இருந்தது. எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தேன். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. அவற்றுக்கும் எண்ணெய் வைத்தேன். உதடு எவ்வளவு மெத்தென்றிருக்கும் என்பதை என் விரல் மறந்துபோயிருந்தது. நான் கேட்கப்போவது இதை.

சாரதாம்மா குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்குது கண்ணு" என்றார். துடைத்தேன். "அவளுக்கு வாய் பிசுபிசுன்னு இருந்தா புடிக்காது" என்றார்.

கலா பொட்டு வைத்து, வகிட்டில் குங்குமம் இட்டு எழுந்தாள். பிறகு வாய்க்கரிசி. வரிசையாக வந்து ஒவ்வொருவரும் ஒரு பிடி அரிசியை அந்த உதடுகளின் மேல் தூவிவிட்டுப் போனார்கள். சாரதாம்மா தன் முறைக்கு அரிசியைப் போட்டார். உதட்டின் மேல் நின்ற இரண்டு மணிகளை விரலால் உள்ளே தள்ளிவிட்டார், குழந்தைக்கு ஊட்டும்போது செய்வதுபோல. நானும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, முப்பத்திரண்டாவது கேள்வியோடு டாக்டரிடம் போனேன்.

"முகத்த எடுத்துட்டு உடம்ப எப்படிக் குடுப்பீங்க?"

"அச்சு எடுத்து, அதே மாதிரி ஒரு மாஸ்க் பண்ணிப் போட்டுக் குடுப்போம். பாத்தா வித்தியாசம் அவ்வளவா தெரியாது."

"அந்த மாஸ்க்குல வாய் திறந்திருக்குமா?"

அவருக்குப் புரியவில்லை. வாய்க்கரிசி என்றேன். ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "எங்க வீட்டுலயும் வாய்க்கு அக்கி, அரிசி போடுவாங்க. எங்க அப்பாவுக்கு நான் போட்டிருக்கேன்" என்றார். "இத்தனை மீட்டிங் நடந்துச்சு. இத யாரும் கேக்கல. நானும் யோசிக்கல."

"குடுக்கற குடும்பம் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சொல்லணும் டாக்டர். அரிசிய மாஸ்க் மேலதான் போடணும்னு."

"சொல்லணும்" என்றார். குடும்பத்தாரிடம் விளக்க வேண்டியவை என்ற தாளை எடுத்து, அதன் ஓரத்தில் கன்னடத்தில் ஒரு வரி எழுதினார். எந்த நாள் எழுதினார் என்பது என் டைரியில் இருக்கிறது.

சுமதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை மாலை சாரதாம்மா வீட்டுக்குப் போனேன். டைரியைக் கையில் எடுத்துப் போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் மகளின் உதட்டைத் துடைத்த அதே கை எழுதியது அது. அவருக்குப் படிக்க வரும். அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். என்ன சிகிச்சைக்காக அப்படி எழுதினேன் என்பதையும் சொன்னேன். என் பேச்சு புரியாத இடங்களில் அவர் "இன்னா?" என்று கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டார்.

வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வயசு தப்பு" என்றார். "நாப்பதுதான். ஆடி வந்தாதான் நாப்பத்தொண்ணு. சரியா எழுதிக்கோ."

திருத்தினேன்.

"நீ எழுதனதுக்கு நான் கோச்சிக்கல கண்ணு. நான் மட்டும் இன்னா? பக்கத்து பெட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு. அவரு போய்ட்டா அந்தப் பெரிய டாக்டருங்க எல்லாம் எம்பொண்ணு கிட்ட வருவாங்களேன்னு ரெண்டு நாள் நெனச்சிக்கினு இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

தண்ணீர் கொடுத்தார். பாலாடை இல்லாமல் குடிக்க எனக்கு வராது என்பதைக் கவனித்து, ஒரு ஸ்பூன் எடுத்து வந்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார். "கண்ணு குடுத்தேன், கிட்னி குடுத்தேன். இதையும் குடுத்திருப்பேன். இன்னும் ஒரு மணிநேரம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுக் குடுத்திருப்பேன். ஆனா ஒண்ணு. அப்புறம் தெனம் காலையில உன் வாசல்ல வந்து நின்னிருப்பேன். சாப்டியா, சிரிக்கிறியா, வெயில்ல போனியான்னு. யாருக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களாம், சட்டமாம். நான் கண்டுபுடிச்சிருப்பேன். பெத்தவளுக்குத் தெரியாதா? நீ தாங்குவியா அத?"

தாங்குவேனா என்று, கையெழுத்து நாளுக்கு முன் மிச்சமிருந்த இரண்டு ஞாயிறுகளும் யோசித்தேன். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் என் வழி எளிதாக இருந்திருக்கும். வேறொரு குடும்பம், பெயர் தெரியாத ஓர் ஊர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். கொடுத்திருப்பேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு எந்த முகத்தை நினைத்தாலும் அதன் தலைமாட்டில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை என் உடம்பு சில ஆண்டுகளில் மறுத்துவிட்டால், அவர் அதை இரண்டாவது முறை இழக்க வேண்டும். அந்தப் பொறுப்பை மாத்திரைகளோடு தினமும் விழுங்க எனக்குத் தெம்பில்லை.

இருநூற்று எண்பத்தாறாம் நாள் டாக்டரிடம் வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

"சரி. உங்க துணியிலயே தெச்சுக்கலாம். ஒட்டு தெரியும் அமுதா. உதடு உதடு மாதிரி அசையாது."

"தெரியட்டும் டாக்டர்."

இது என் முடிவு மட்டுமே. என்னைவிடச் சிறிய வயதில், என்னைவிட அதிகம் இழந்து, கண்ணிமைகூட மூட முடியாமல் இருக்கும் ஒருவர் வேண்டும் என்று சொன்னால், அந்த வாசலில் ஒரு தாய் வந்து நிற்பதை அவர் வரமாக ஏற்கவும் கூடும். அவரைத் தடுக்க எனக்கு ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ரசம் வழியும் நாட்களில் சுமதியின் உதடுகள் நினைவுக்கு வருகின்றன.

முந்நூற்று முப்பத்தொன்றாம் நாள் இடது முன்கையிலிருந்து தோலும் தசைநாரும் எடுத்துக் கீழுதடு செய்தார்கள். பதினோரு மணிநேரம். அது தடித்து, நிறம் மாறி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கையில் இருந்த பூனைமுடி உதட்டில் முளைக்கிறது. கலா மாதம் ஒருமுறை எடுத்துவிடுகிறாள். ஆனால் அது மேலே போய் முட்டுகிறது. ஐந்து வாரம் கழித்து ஒரு காலை, கஞ்சியோடு வந்தவரை "மாமா" என்றேன். ஈரமாக, பாதி காற்றாக வந்தது. "ம்" என்றார். கிண்ணத்தை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு குழாயைத் திறந்துவிட்டார்.

நானூற்று ஐம்பதாம் நாள் மூக்கு. நெற்றித் தோலைக் கிழித்து, அடிவேரை விடாமல் திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்காக மடிப்பது. இந்த முறை இந்த மண்ணில் பிறந்தது. மைசூர்ப் போர்களின் காலத்தில் மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்கு இப்படி மூக்கு வைத்ததைப் பற்றிப் படித்திருக்கிறேன். புதிய இடத்தில் ரத்தம் ஊறும்வரை, மூன்று வாரத்துக்குப் புருவத்திலிருந்து மூக்கு வரை தோல் ஒரு பாலமாகத் தொங்கும். "புள்ளையாரே, கொழுக்கட்ட வேணுமா?" என்றாள் கலா.

தினமும் காலை ஆறு பத்துக்கு மாமா உப்புநீர்ப் பஞ்சால் மூக்கின் நுனியைத் துடைப்பார். மூன்றாம் நாள் அவர் துடைத்தபோது திடுக்கிட்டேன். பஞ்சு மூக்கில் இருந்தது. ஆனால் அது பட்டது என் வகிடு தொடங்கும் இடத்தில். முடிக்குக் கீழே, குங்குமம் வைக்கும் அதே இடத்தில். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு டாக்டரிடம் கேட்டேன். நுனியாக மடித்தது அந்த இடத்துத் தோல்தான், அதன் நரம்பு இன்னும் பழைய முகவரியையே சொல்கிறது, பாலத்தை அறுத்ததும் போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "மாமா, அங்க தொட்டா இங்க தெரியுது."

நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் நுனியைத் தொட்டார். நான் என் விரலால் வகிட்டைக் காட்டினேன். இன்னொருமுறை தொட்டார். மீண்டும் காட்டினேன். விபத்துக்குப் பின் அவர் என் நெற்றியில் குங்குமம் வைத்ததில்லை. கை பட்டால் வலிக்குமோ என்ற பயம் என்று அன்றுதான் சொன்னார்.

மிச்சமிருந்த பதினாறு காலைகளும் பஞ்சால் துடைத்து முடித்தபின் விரலால் ஒருமுறை தொட்டார். டைரியில் பதினாறும் இருக்கின்றன.

நானூற்று எழுபத்தொன்றாம் நாள் பாலத்தை அறுத்தார்கள். இப்போது மூக்கு மூக்கின் இடத்தில் தனியாக இருக்கிறது. நெற்றியில் ஒரு நீண்ட தழும்பு. தொட்டால் எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. உணர்ச்சி ஓரங்களிலிருந்து மெல்ல வளர்ந்து வரும் என்கிறார் டாக்டர். எப்போது என்று கேட்கப் போனேன். "தேதி மட்டும் கேக்காதீங்க அமுதா" என்று சிரித்தார்.

சாரதாம்மா மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் சில நாட்கள் எட்டிப் பார்க்கிறார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார். என் முகத்தில் அவர் தேடுவதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் இருவராலும் நேராகப் பார்த்துப் பேச முடிகிறது.

என் கை இப்போது என் உதடு. என் நெற்றி என் மூக்கு. பழைய இடத்தைத் தேடி இந்த உடம்புக்குள் நான் அடிக்கடி வழி தவறுகிறேன். நாட்களை இன்னும் எண்ணுகிறேன், ஆனால் எதிலிருந்து என்பது சில காலைகளில் மறந்துவிடுகிறது. ஆறு பத்துக்கு மாமா வேலைக்குக் கிளம்புமுன் வந்து மூக்கின் நுனியைத் தொடுகிறார். எனக்குத் தெரிவதில்லை. அவர் விரல் விலகுவதைப் பார்த்துத்தான், தொட்டுவிட்டார் என்று அறிகிறேன்.